சிவப்பு விளக்கு எரிந்தால் குடத்தைத் தேடாதீர்கள்

சம்பா அறுவடை முடிந்து கையில் பணம் புழங்கும் மாதங்களில் டெல்டாவில் பழைய கார்கள் கைமாறுவது வழக்கம். வாங்கிய சில வாரங்களிலேயே அவற்றில் ஒன்றிரண்டு எங்கள் பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்துவரப்படுவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. அண்மையில் வந்த வண்டி, குடும்பத்தோடு கும்பகோணத்திலிருந்து வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டது. திருவாரூருக்கு முன்பே டேஷ்போர்டில் இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாவதை எச்சரிக்கும் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. ஓட்டியவர் சாலையோர அடிபம்பில் தண்ணீர் பிடித்து ஊற்றி, விளக்கு அணைந்ததும் கிளம்பி, மீண்டும் எரிந்ததும் மீண்டும் ஊற்றி, எப்படியோ கோயில் வரை போய்ச் சேர்ந்துவிட்டார். திரும்பும் வழியில் இஞ்சின் நின்றது. கழற்றிப் பார்த்தபோது இஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வளைந்திருந்தது. முதல் விளக்கிலேயே நிறுத்தியிருந்தால், உப்பிப் பிளந்திருந்த ஒரு ரேடியேட்டர் ஹோஸையும் அதன் கிளிப்பையும் மாற்றியதோடு வேலை முடிந்திருக்கும்.

"வெயிலில் கூலண்ட் வற்றிவிட்டது, அவ்வளவுதானே?" என்று கேட்டார். இஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் ஓடுவது மூடிய சுற்று. பெட்ரோலைப் போல அது செலவாவதில்லை. மாதந்தோறும் கூலண்ட் டப்பாவில் அளவு இறங்குகிறது என்றால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். ஹோஸ் முனைகளிலும், ரேடியேட்டரின் ஓரங்களிலும், வாட்டர் பம்புக்கு அடியிலும் ஈரமோ காய்ந்த உப்புப் படிவோ இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே ஒன்றும் தெரியாமலேயே குறைந்தால் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்தாற்போன்ற கூழ், இஞ்சின் சூடான பின்னும் சைலன்சரில் நிற்காத வெண்புகை, டப்பாவில் ஓயாத குமிழி ஆகியவை அதன் அடையாளங்கள்.

அடுத்து, என் பொறுமையை அதிகம் சோதிக்கும் கேள்விக்கு வருகிறேன்: "நம்மூரில் பனியா உறைகிறது? கூலண்ட் எதற்கு, தண்ணீர் போதாதா?" போதாது. உறையாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே. சரிபாதி கலந்த கூலண்ட் திறந்த பாத்திரத்திலேயே சுமார் 107 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி கொடுக்கும் ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தில் அந்த எல்லை இன்னும் மேலே போகும். அலுமினிய ஹெட்டையும் ரேடியேட்டரையும் அரிப்பிலிருந்து காக்கும் மருந்தும் அதில்தான் இருக்கிறது. நீங்கள் ஊற்றும் போர் தண்ணீரில் அந்த மருந்து இல்லை, உப்புத்தான் இருக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கொதிக்கக் கொதிக்க அந்த உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைத்துக்கொள்ளும். வேறு வழியின்றித் தண்ணீர் ஊற்றித்தான் பட்டறை வந்து சேர்ந்தீர்கள் என்றால், அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முழுவதையும் வடித்துக் கழுவிப் புதிதாக நிரப்ப வேண்டும்.

கசிவே இல்லாமலும் இங்கு வண்டிகள் சூடாவதுண்டு. நெல்லும் வைக்கோலும் காயப்போட்ட சாலைகளில் ஓடிய வண்டியின் முன்பக்கத்தைக் கழற்றினால், ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் பதரும் சுணையும் மெத்தைபோல் படிந்திருக்கும். வயலோரம் நிற்கும் வண்டிகளில் ஃபேன் ஒயரை எலி கடித்து வைத்திருப்பதையும் பார்க்கிறோம். இன்னொன்று, எங்கள் தொழிலில் சிலர் செய்யும் வேலை: சூடாகிறது என்றதும், கூலண்டின் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். நோய் அப்படியே இருக்கும். இஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும்.

பழைய கார் வாங்குகிறவர்கள் இஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். சூடாக்கி வைத்துக் காத்திருக்கும் புரோக்கரிடம் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். டப்பாவில் துருநிறத் தண்ணீர் இருந்தால் விலை பேசவே வேண்டாம். சிவப்பு எச்சரிக்கை விளக்கு உள்ள வண்டியானால், சாவியைத் திருப்பியதும் அது ஒரு கணம் எரிந்து அணைகிறதா என்று கவனியுங்கள். எரியவே இல்லை என்றால் காரணம் கேளுங்கள். சில வண்டிகளில் காலையில் எரியும் நீல விளக்கு, இஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதைத்தான் காட்டுகிறது. அதற்காகப் பதற வேண்டாம்.

ஓடும்போது சிவப்பு எரிந்தால் ஏசியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, இஞ்சினையும் அணைத்துவிடுங்கள். "இன்னும் நாலு கிலோமீட்டர்தானே" என்று கணக்குப் போடாதீர்கள். விளக்கு தானாக அணைந்தால் சரியாகிவிட்டது என்றும் நம்பாதீர்கள். கூலண்ட் முழுவதும் வெளியேறிய பின் சென்சாரைத் தொட அங்கே திரவமே இருக்காது, அது தவறாகத்தான் காட்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் தயவுசெய்து திறக்காதீர்கள், துணி போட்டும் திறக்காதீர்கள். அழுத்தம் விட்ட கணத்தில் உள்ளிருப்பது ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகே மூடியில் கை வையுங்கள்.

வீட்டிலேயே கூலண்ட் மாற்றுகிறவர்கள் வடித்ததைக் கொல்லையிலோ வாய்க்காலிலோ கொட்ட வேண்டாம். இனிப்பாக இருப்பதால் நாயும் குழந்தையும் அதை நக்கிவிடக்கூடும். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே பறிக்கும் நஞ்சு. மூடியுள்ள கேனில் பிடித்துப் பட்டறையில் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.