மிளகும் மல்லியும் தெரிந்த மூக்குக்கு ஒயின் புதிதல்ல

மலிவு விலை ஒயின் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கச் சீட்டைப் படித்தால் முதலில் வருவது தாழ்வு மனப்பான்மைதான். ப்ளாக்கரண்ட், கூஸ்பெரி, சீடர் மரம், எல்டர் பூ என்று அடுக்கியிருப்பார்கள். கோபியிலோ தாராபுரத்திலோ பிறந்து வளர்ந்தவர் இதில் எதை முகர்ந்திருப்பார்? முகராத ஒன்றைக் கோப்பைக்குள் எப்படிக் கண்டுபிடிப்பார்? "நமக்கு இதெல்லாம் வராது" என்று பலரும் ஒதுங்கிக்கொள்வது இங்கேதான். அந்தச் சீட்டை எழுதியவர் தன் ஊர்த் தோட்டத்தை நினைத்து எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். பாட்டிலுக்குள் ப்ளாக்கரண்டும் இல்லை, எல்டர் பூவும் இல்லை. இருப்பவை மூலக்கூறுகள். அவற்றில் சில நம் அஞ்சறைப் பெட்டிக்குள்ளும் உண்டு.

ஒயினில் ஏறக்குறைய 85 சதவீதம் தண்ணீர். 12 முதல் 14 சதவீதம் ஆல்கஹால். திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் ஒரு சதவீத ஆல்கஹால் சேரும். மீதமிருப்பவை அமிலங்கள், கிளிசரால், மிச்சச் சர்க்கரை, துவர்ப்பு தரும் டானின், நிறமி. வாசனை தரும் பொருள்கள் இவற்றுக்கெல்லாம் அடியில், மிகச் சிறிய பங்கு. நாசிக் ஒயினையும் சிலி ஒயினையும் வேறாகக் காட்டுவதில் பெரும்பங்கு அந்தச் சிறிய பங்குக்குத்தான்.

நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, கசப்பு, உவர்ப்பு, காளானிலும் கறிச்சாற்றிலும் வரும் உமாமி எனச் சொற்பம். மற்றதெல்லாம் மூக்கின் வேலை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பன்னீர் திராட்சையைக் கடித்துப் பாருங்கள். இனிப்பும் புளிப்பும் மட்டும் தெரியும். விரலை எடுத்து மூச்சு விட்டதும் ரோஜா வாசம் தொண்டைப் பக்கமிருந்து ஏறி வரும். வாயில் சூடேறிய ஆவி, தொண்டையின் பின்வழியாக மூக்கின் கூரைக்குப் போகிறது. அங்கே சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள் இருக்கின்றன. அந்த ஏற்பிகளை உருவாக்கும் மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒயின் சுவைப்பவர்கள் கோப்பையைச் சுழற்றுவதும், வாயில் வைத்துக் கொஞ்சம் காற்றை உறிஞ்சுவதும் பந்தாவுக்கு என்று நினைப்போம். ஆவி அதிகம் எழுந்தால் ஏற்பிகளுக்கு வேலை எளிது, காரணம் அதுதான்.

மிளகிலிருந்து தொடங்கலாம். ஷிராஸ் என்ற திராட்சையில் செய்த ஒயினில் மிளகு வாசம் வருகிறது என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். எந்தப் பொருளால் என்பது மட்டும் புதிராக இருந்தது. ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2008இல் அதைப் பிடித்தார்கள். பெயர் ரொட்டண்டோன். கொல்லிமலை மிளகை நசுக்கினால் வருகிற அந்தக் காரமான மர வாசத்தில் இருப்பதும் இதே மூலக்கூறுதான். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே சராசரி மூக்குக்குத் தெரிந்துவிடும்.

அதே ஆய்வில் இன்னொன்றும் வெளிப்பட்டது. சோதனையில் இருந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, அந்த அளவைப் போல 250 மடங்கு கலந்து கொடுத்தும் வாசம் தெரியவில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வழக்கு அடிக்கடி நடக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் என் மச்சினன், வெளிநாட்டு வியாபாரத்துக்குப் போய்த் திரும்பும்போது வரியில்லாமல் அனுமதிக்கும் 2 லிட்டரைக் கணக்காகக் கொண்டுவருவான். பணக்கார பாட்டில் எதுவும் இருக்காது; அந்த ஊர் மளிகைக்கடை அலமாரியில் கீழ்த்தட்டில் கிடப்பவை. ஷிராஸை ஊற்றி நான் மிளகு என்றால், "ஏனுங் மாமா, மொளகா? எனக்கொண்ணும் தெரியலீங்களே" என்பான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரே கோப்பை, வேறு வேறு ஏற்பிகள். விமர்சகர் எழுதியது உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றால் உங்கள் மூக்கை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை.

குளிர்ந்த இடத்தில், குளிர்ந்த ஆண்டில் விளைந்த ஷிராஸில் ரொட்டண்டோன் கூடுதல். வெயில் கொளுத்தும் சமவெளியில் விளைந்ததில் குறைவு. மலிவு ஒயின் பெரும்பாலும் இரண்டாவது வகை இடத்திலிருந்து வருவதால், அதில் மிளகைத் தேடி ஏமாந்தாலும் வியப்பில்லை.

அடுத்தது மல்லி. பச்சைக் கொத்தமல்லியைச் சொல்லவில்லை, கொத்தமல்லி விதை. அதை நசுக்கினால் பூவாசம் கலந்து ஒரு குளுமையான மணம் எழுமே, அதற்குப் பெரும் காரணம் லினலூல். மஸ்கட் இனத் திராட்சைகளின் அடையாள வாசமும் அதுவே. கூடவே ரோஜாவில் உள்ள ஜெரானியால். தொண்டாமுத்தூர் வட்டாரப் பந்தல்களில் விளையும் பன்னீர் திராட்சைக்குத் திராட்சை நூல்களில் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். இதன் பெற்றோரில் ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. அதற்கும் பெற்றோராக நிற்பது சிறுமணி வெள்ளை மஸ்கட். இத்தாலியில் மொஸ்காட்டோ தஸ்தி என்ற, 5 சதவீதத்தை ஒட்டியே ஆல்கஹால் உள்ள, நுரைக்கும் இனிப்பு ஒயினை அந்த வெள்ளை மஸ்கட்டில்தான் செய்கிறார்கள். நொதித்தல் முடியும் முன்பே குளிரவைத்து நிறுத்திவிடுவதால் சர்க்கரை மிஞ்சுகிறது. ஆக, அந்த இத்தாலியத் திராட்சைக்கு நம் பன்னீர் திராட்சை பேத்தி முறை. முதன்முதலில் ஒயின் சுவைப்பவருக்கு நான் இதைத்தான் கொடுப்பேன். பாட்டியை முகர்ந்ததும் பேத்தியின் ஞாபகம் வந்துவிடும். "எங்கேயோ முகர்ந்திருக்கிறேனே" என்று அவரே சொல்லிவிடுவார். இந்த வாசப்பொருள்களில் ஒரு பகுதி பழத்தில் சர்க்கரையோடு பிணைந்து வாசமே இல்லாமல் கிடக்கும். ஒயினாகும்போது அந்தப் பிணைப்பு கொஞ்சம் கொஞ்சமாக அறுபட்டு வெளிவரும் என்பது இதில் எனக்குப் பிடித்த சங்கதி.

சிலியின் கார்மனேர், கேபர்னே சாவிஞான், நியூசிலாந்தின் சாவிஞான் பிளாங்க் ஆகிய திராட்சை வகைகளின் ஒயினில் வருவது குடைமிளகாய் வாசம். மெத்தாக்சிபைரசின் என்ற வகைப் பொருள் குடைமிளகாயிலும் இவற்றிலும் பொது. ஒரு லிட்டர் தண்ணீரில் 2 நானோகிராம் இருந்தாலே தெரியும்; கணக்குப் போட்டால் 50 கோடி லிட்டருக்கு ஒரு கிராம். பழம் நன்றாகப் பழுத்து வெயில் பட்டால் இது குறைந்துவிடும். பச்சை வாசம் தூக்கலாக இருந்தால் பழம் சற்று முந்திப் பறிக்கப்பட்டிருக்கலாம்.

இனி வாய்க்குள் வருவோம். திராட்சையின் முக்கிய அமிலம் டார்டாரிக். பழங்களில் இது அதிகம் சேர்வது அபூர்வம். அந்த அபூர்வக் கூட்டத்தில் இன்னொன்று நம் புளி. எலுமிச்சையின் சிட்ரிக் புளிப்புக்கும் புளியின் புளிப்புக்கும் வேறுபாடு தெரிந்த நாக்கு ஒயினின் முதுகெலும்பை ஏற்கெனவே அறிந்த நாக்கு. திராட்சையில் இரண்டாவது அமிலமான மாலிக், வெயில் ஏற ஏறக் கொடியின் சுவாசத்திலேயே செலவாகிவிடும். சூடான நாட்டுப் பழத்தில் சர்க்கரை கூடி, புளிப்பு குறைந்து, ஒயின் சப்பென்று ஆகும். ஆஸ்திரேலியாவின் ரிவரினா போன்ற வெப்பப் பகுதிகளில் டார்டாரிக் அமிலத்தைச் சேர்த்து இதைச் சரிக்கட்டுவது சட்டப்படியான வழக்கம். ரசத்தில் புளி குறைந்தால் நாம் செய்வதுதான்.

துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்திருக்கிறோம். உடலியல் அதைப் பெரும்பாலும் தொடு உணர்வின் பக்கம் வைக்கிறது. உமிழ்நீரில் நாக்கை வழுக்கலாக வைத்திருக்கும் புரதங்கள் உண்டு. தோலிலும் விதையிலும் இருந்து வந்த டானின் அவற்றைப் பிடித்துத் திரளாக்கிவிடும். வழுக்கல் போய் நாக்கும் கன்னமும் ஒன்றோடொன்று உரசும். கொட்டைப்பாக்கை மென்றவுடன் வாய் இழுத்துக்கொள்வதும் இதே வேதியியல். பால் கலக்காத டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, அதிலேயே பாலை ஊற்றி இன்னொரு வாய் குடித்தால் பாதித் துவர்ப்பு மறைந்திருக்கும். பாலின் கேசீன் புரதம் டானினைத் தானே பிடித்துக்கொண்டு உமிழ்நீரை விட்டுவிடுகிறது. சிவப்பு ஒயினோடு பாலாடைக்கட்டி வைப்பதன் சூட்சுமம் அதுவே. கையில் பனீர் இருந்தால் போதும். பிரான்சுக்குப் போக வேண்டாம்.

ஆனால் பள்ளிபாளையம் சிக்கனை வைத்துக்கொண்டு டானின் மிகுந்த, 14 சதவீத ஒயினைக் குடிப்பவரைக் கண்டால் எனக்கு இரக்கம் வரும். வரமிளகாயின் கேப்சைசின் உட்காரும் ஏற்பிக்கு டிஆர்பிவி1 என்று பெயர். டேவிட் ஜூலியஸ் குழு 1997இல் அதை அடையாளம் கண்டது. 2021இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இது உண்மையில் சூட்டை அறியும் ஏற்பி. சாதாரணமாக 42 டிகிரியை ஒட்டித்தான் விழிக்கும். ஆல்கஹால் அந்த வரம்பை 34 டிகிரி அளவுக்கு இறக்கிவிடுகிறது. உடலின் சூடே 37. மிளகாய் ஒரு பக்கம், ஆல்கஹால் மறுபக்கம் தட்ட, வாய் எரியாமல் என்ன செய்யும்? ஆல்கஹால் குறைந்து இனிப்பு கொஞ்சம் இருக்கும் ஒயின் இங்கே பிழைத்துக்கொள்ளும். எழுதி வைத்த விதிகளைவிட இந்த ஒரு ஏற்பியைத் தெரிந்துகொள்வது மேல்.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற அறிவுரையும் நமக்கு ஆகாது. அந்த அறை 16 முதல் 18 டிகிரி இருக்கும் ஐரோப்பிய அறை. சித்திரை மாதத்து ஈரோட்டில் அறையில் வைத்த பாட்டிலைத் திறந்தால் ஆல்கஹால் ஆவி முந்திக்கொண்டு மற்ற வாசங்களை மூடிவிடும். அரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். கோப்பையின் உட்சுவரில் வழியும் துளிகளைக் காட்டி "தரமான சரக்கு" என்பவரையும் கண்டுகொள்ள வேண்டாம். ஆல்கஹால் முந்தி ஆவியாகிப் பரப்பு இழுவிசை மாறுவதால் வரும் விளைவு அது; இயற்பியலாளர் ஜேம்ஸ் தாம்சன் 1855இலேயே விளக்கிவிட்டார்.

மலிவுக்குக் காரணங்கள் எளியவை. ஒரே கொடியில் நிறைய மகசூல், இயந்திர அறுவடை, பெரிய எஃகுத் தொட்டி, 225 லிட்டர் ஓக் பீப்பாய்க்குப் பதில் தொட்டிக்குள் ஓக் சில்லுகள். நம் ஊர்க் கடையில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ். இறக்குமதி ஒயினுக்கு நெடுங்காலம் 150 சதவீதச் சுங்க வரி. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தம் வரியைக் குறைத்தது, ஆனால் 5 டாலருக்குக் கீழான பாட்டிலுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஏழை பாட்டில் முழு வரியையும் சுமந்துகொண்டு கோயமுத்தூருக்கு வருகிறது.

விலை நாக்கையே மாற்றும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. 2008இல் வெளியான கலிபோர்னிய ஆய்வில் 20 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்றபோது பிடித்தது. இன்பத்தை அளவிடும் மூளைப் பகுதியும் கூடுதலாக விழித்தது. மரியாதைக்காகச் சொன்ன பொய்யாக அது இல்லை. 2001இல் வெளியான ஆய்வில், பிரான்சின் போர்தோவில் 54 ஒயினியல் மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசமில்லாத சிவப்பு நிறமியைக் கலந்து கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்கான சொற்களைக் கொண்டே வர்ணித்தார்கள். கலிபோர்னிய மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டி நடுவர்களுக்கு ஒரே பாட்டிலை மூன்று முறை ஊற்றிப் பார்த்ததில், ஒத்த மதிப்பெண் தந்தவர் பத்தில் ஒருவர்தான். 6,000க்கும் மேற்பட்ட, பெயர் மறைத்த சுவைப்புகளைத் தொகுத்த இன்னொரு ஆய்வில், பயிற்சி இல்லாதவர்கள் விலை கூடிய ஒயினை மிகச் சிறிதளவு குறைவாகவே ரசித்திருந்தார்கள்.

ஆகவே பாட்டிலை மறைத்துவிட்டுச் சுவையுங்கள். பழைய பனியன் துணியை உறைபோல் மாட்டினால் போதும். எங்கள் வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. மூன்று கோப்பை எடுத்து இரண்டில் ஒன்றையும் மூன்றாவதில் வேறொன்றையும் இன்னொருவரை ஊற்றச் சொல்லி, வேறுபட்டது எது என்று கண்டுபிடியுங்கள். சுவைத்ததைத் துப்பிவிடுவது நல்லது. நாலாவது கோப்பைக்குப் பிறகு மூளை சாட்சி சொல்லாது. குருட்டடியாகச் சொன்னாலும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் சரியாகிவிடும் என்பதால், ஒரு முறை ஜெயித்து மீசையை முறுக்க முடியாது. ஆறு முறை வைத்து நான்கு சரியாகச் சொன்னாலும் அது அதிர்ஷ்டமாக இருக்க 10 சதவீத வாய்ப்பு உண்டு. ஐந்தோ ஆறோ சரியானால் அந்த வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். மச்சினன் இதுவரை நான்கைத் தாண்டவில்லை. மிளகு தெரியாத மூக்கு என்று சாக்குச் சொல்கிறான். ஷிராஸை எடுத்துவிட்டு மொஸ்காட்டோவையும் சாவிஞான் பிளாங்கையும் வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.