லாக் கன்டென்ஷன்: பூட்டு மோதலா, பூட்டு இழுபறியா?

"அந்த லாக்ல கன்டென்ஷன் ஜாஸ்தி" என்று கெர்னல் (இயங்குதளத்தின் உள்மையம்) ஆட்கள் சொல்லும்போது கேட்பவருக்குச் சட்டென்று புரிந்துவிடும். அதையே தமிழில் எழுத உட்கார்ந்தால் கை நிற்கும். 'பூட்டு மோதல்' என்று எழுதுபவர்கள் உண்டு, 'பூட்டுச் சச்சரவு' என்று எழுதுபவர்களும் உண்டு. இரண்டும் வாசகரைத் தவறான இடத்தில் தேடவைக்கும்.

முதலில் பொருள். நினைவகக் கணக்கு போன்ற பொதுத் தரவை ஒரே நேரத்தில் பல சிபியு கோர்கள் (செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் அலகுகள்) திருத்தக் கூடாது. அதனால் அதற்கு ஒரு பூட்டு உண்டு. பூட்டை எடுத்தவர் வேலையை முடித்ததும் அதை விட்டுவிட வேண்டும். அதற்குள் இன்னொரு கோர் வந்தால் காத்திருக்கும். இப்படிக் காத்திருப்பவர்கள் பெருகுவதுதான் கன்டென்ஷன். இதில் யாரும் யார் மேலும் மோதவில்லை. விடையும் தவறாவதில்லை, நேரம்தான் போகிறது.

பக்கத்து வீட்டுச் சொற்களோடு இதைக் குழப்பக் கூடாது. ஒருவர் பிடித்திருக்கும் பூட்டுக்கு மற்றவரும், அவர் பிடித்திருப்பதற்கு இவரும் காத்துக் கிடந்தால் அது டெட்லாக். 'முட்டுக்கட்டை' என்ற பழைய சொல் அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. ரேஸ் என்பது பூட்டு இல்லாததால் வரும் கேடு: பலர் ஒரே தரவை ஒரே நேரத்தில் திருத்தி விடையைக் கெடுப்பது. கன்டென்ஷனோ பூட்டு ஒழுங்காக வேலை செய்வதால் வரும் கேடு. ஆகவேதான் இதைத் திருத்துவது சங்கடம்: பூட்டையே நீக்கிவிட்டால் வேகம் வரும், கூடவே ரேஸும் வரும்.

'பூட்டு' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கதவில் தொங்கும் பூட்டு மட்டுமல்ல, மாட்டை வண்டியில் பூட்டுவதும் ஏர் பூட்டுவதும் அதே சொல்தான். பொருள்கோள் வகைகளில் வரும் விற்பூட்டிலும் அதுவே இருக்கிறது. அடைப்பதைவிடப் பிணைப்பதே அங்கெல்லாம் முதன்மை. தரவை ஒரு கோரோடு சற்று நேரம் பிணைத்து வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வினை கிடைக்காது.

கன்டென்ஷனின் வேர் இலத்தீனின் 'கன்டெண்டெரே'. 'கன்' என்ற முன்னொட்டுக்குச் சேர்ந்து என்று பொருள், 'டெண்டெரே' என்றால் இழுத்து நீட்டுதல், விறைப்பாக்குதல். நாம் நாள்தோறும் புலம்பும் 'டென்ஷன்' இதே வேரில் முளைத்ததுதான். இழுத்துக் கட்டும் 'டென்ட்'டும் அப்படியே. ஆக, பலர் ஒன்றைப் பிடித்துத் தங்கள் பக்கம் இழுப்பதுதான் அச்சொல்லின் அடியில் கிடக்கும் படம். சண்டை, வாக்குவாதம் என்பதெல்லாம் பின்னால் ஏறிய பொருள்கள்.

இந்தப் படத்துக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: இழுபறி. இழுப்பதும் பறிப்பதும் சேர்ந்த சொல். பேச்சுவார்த்தை முடியாமல் நீள்வதையும் இழுபறி என்றே சொல்கிறோம். பலர் இழுப்பது, அதனால் காரியம் இழுத்துக்கொண்டு போவது என்ற இரண்டு பொருளும் இங்கே வேண்டியவையே.

சொல் அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இதை முன்வைக்கவில்லை. வன்பொருளுக்குள் நடப்பதும் அச்சு அசலாக இதுதான். பூட்டு என்பது நினைவகத்தில் இருக்கும் ஓர் எண். அதை மாற்ற வேண்டுமென்றால், அந்த எண் இருக்கும் கேஷ் வரியை (கோரின் அருகிலுள்ள வேக நினைவகத்துக்கு மொத்தமாக நகரும் துண்டு) ஒரு கோர் தன்னிடம் இழுத்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்86 செயலிகளில் அந்த வரியின் அளவு 64 பைட். அடுத்த கோருக்கு வேண்டுமென்றால் அது தன் பக்கம் பறித்துக்கொள்ளும். பல கோர்கள் ஒரே சுழல்பூட்டைச் (கிடைக்கும்வரை திரும்பத் திரும்பப் பார்த்தபடி காத்திருக்கவைக்கும் பூட்டு) சுற்றி நின்றால் அந்த 64 பைட் ஓயாமல் அங்குமிங்கும் பறந்துகொண்டிருக்கும்.

லினக்ஸின் நினைவக மேலாண்மையில் இதற்குப் பேர்போன உதாரணம் எம்மேப்_செம் என்ற பூட்டு. 2020-இல் வந்த 5.8 பதிப்பில் அதன் பெயர் எம்மேப்_லாக் என்று மாறியது. ஒரு ப்ராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்) முகவரி வெளி, அதாவது அது பயன்படுத்தும் நினைவக முகவரிகள், முழுவதற்கும் அது ஒன்றுதான். அதன் இழைகளில் ஏதாவது ஒன்றுக்குப் பேஜ் ஃபால்ட் வந்தால், 2023-க்கு முன்பு வரை, அந்தப் பூட்டை வாசிப்புக்காக எடுக்கும். முகவரி வெளியில் ஒரு பகுதியைச் சேர்க்கும் எம்மேப், நீக்கும் எம்அன்மேப் போன்ற அழைப்புகள் எழுதுவதற்காக எடுக்கும். (பேஜ் ஃபால்ட்டைப் 'பக்கப் பிழை' என்று மொழிபெயர்ப்பதும் எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலும் அதில் பிழை ஏதுமில்லை, கேட்ட பக்கம், அதாவது நினைவகத் துண்டு, இன்னும் கொண்டுவரப்படவில்லை, அவ்வளவுதான்.)

வாசிப்பவர்கள் பலர் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கலாம் என்பது விதி. அப்படியென்றால் போட்டியே இல்லையே? ஆனாலும் உள்ளே வரும் ஒவ்வொருவரும் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்ட வேண்டும், போகும்போது ஒன்றைக் கழிக்க வேண்டும். அதற்காகக் கேஷ் வரியைத் தன்னிடம் இழுத்தே ஆக வேண்டும். யாரும் காத்திருப்பதாகக் கணக்கில் வராது, வேகம் மட்டும் விழும். 'பூட்டுப் போட்டி' என்ற சொல் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். மற்றபடி அது மோசமான சொல் இல்லை.

இழுபறி எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு 2021-இல் திருத்தப்பட்ட ஒரு வழுவைச் சொல்லலாம். ப்ராசஸின் நினைவகத்தை விவரிக்கும் எம்எம்_ஸ்ட்ரக்ட் என்ற கட்டமைப்பில் ரைட்_ப்ரொடெக்ட்_சீக் என்ற சிறு புலத்தைச் சேர்த்திருந்தார்கள். பூட்டின் தர்க்கத்தில் யாரும் கைவைக்கவில்லை. ஆனால் வில்-இட்-ஸ்கேல் என்ற வேகச் சோதனைத் தொகுப்பின் எம்மேப்1 சோதனையில் வேகம் 9.2 சதவீதம் விழுந்தது. புதிய புலம் எம்மேப்_லாக்கைக் கொஞ்சம் தள்ளிவிட்டதுதான் காரணம். பூட்டுக்குள் அடிக்கடி தொடப்படும் புலங்கள் இரண்டு: எண்ணிக்கை, உரிமையாளர். முன்பு வெவ்வேறு கேஷ் வரிகளில் இருந்த இரண்டும் ஒரே வரிக்குள் வந்து விழுந்தன. பூட்டைப் பிடிக்க முயல்பவரும் பிடித்திருப்பவர் யாரென்று பார்ப்பவரும் ஒரே வரியை இழுக்கத் தொடங்கினார்கள். தீர்வு என்ன? அந்தச் சிறு புலத்தை அதே கட்டமைப்பில் சும்மா கிடந்த ஓர் இடைவெளிக்கு நகர்த்தியது. இதைச் 'சச்சரவு' என்று பெயரிட்டுக்கொண்டு தேடியிருந்தால் பூட்டை எடுக்கும் நிரல் வரிகளையே முறைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

திருத்தும் வழிகள் பல, ஆனால் குறி இரண்டே: இழுப்பவர்களைக் குறைப்பது, பிடித்திருக்கும் நேரத்தைக் குறைப்பது. இரண்டாவதற்கு எம்அன்மேப் நல்ல சான்று. 2018 இறுதியில் வந்த 4.20 முதல், முகவரிப் பட்டியலிலிருந்து பகுதியைக் கழற்றும்வரை மட்டும் அது எழுத்துப் பூட்டைப் பிடித்திருக்கும். பக்கங்களை விடுவிக்கும் நீண்ட வேலையின்போது அதை வாசிப்புப் பூட்டாக இறக்கிக்கொள்ளும். முதலாவதற்கு, பக்கங்களை ஒவ்வொன்றாக வாங்காமல் ஒவ்வொரு சிபியுவும் கைவசம் ஒரு கட்டு வைத்துக்கொள்வது பழைய உத்தி. 2015-இல் 4.2-இல் வந்த வரிசைச் சுழல்பூட்டு, காத்திருக்கும் ஒவ்வொரு கோரையும் தனக்கென்று உள்ள இடத்தைப் பார்த்து நிற்கவைத்தது. அதன் அடிப்படை மெல்லர்-கிரம்மி, ஸ்காட் இருவரும் 1991-இல் வெளியிட்ட எம்சிஎஸ் பூட்டு. அதில் காத்திருப்பு போகாது, கேஷ் வரிக்கான இழுபறி பெருமளவு போய்விடும்.

காத்திருப்பும் பூட்டு தாவுவதும் வேறு என்பதைக் கெர்னலே தன் அளவீட்டில் காட்டுகிறது. பூட்டுகளின் புள்ளிவிவரம் தரும் லாக்_ஸ்டாட் கோப்பைத் திறந்தால் 'கன்டென்ஷன்ஸ்' என்ற பத்தியில் காத்திருக்க நேர்ந்த தடவைகள் இருக்கும், 'வெயிட்டைம்' பத்திகளில் காத்த நேரம் மைக்ரோவினாடியில் இருக்கும். 'பவுன்சஸ்' என்று முடியும் பத்திகள் பூட்டு ஒரு சிபியுவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிய தடவைகளைச் சொல்லும். என் குறிப்புகளில் இவற்றை முறையே இழுபறித் தடவை, காத்த நேரம், தாவல் என்று எழுதுகிறேன். தாவல் நிறைய, காத்த நேரம் குறைவு என்றால் கட்டமைப்பின் அமைவிடத்தைப் பார்ப்பேன். காத்த நேரம் நிறைய என்றால் பூட்டைப் பிடித்துக்கொண்டு யார் என்ன செய்கிறார் என்று பார்ப்பேன்.

எம்மேப்_லாக்கின் பாடு 2023-இல் வந்த 6.4 பதிப்பில் பாதி தீர்ந்தது. முகவரி வெளியின் ஒவ்வொரு பகுதிக்கும், அதாவது விஎம்ஏவுக்கும், தனிப் பூட்டு வந்தது. பேஜ் ஃபால்ட் முதலில் அந்தச் சிறு பூட்டை முயலும், முடியாவிட்டால் பழைய பெரிய பூட்டுக்கே திரும்பும். இதற்குத் தமிழ்ப் பெயர் வைப்பதில் தகராறே இல்லை: பகுதிப் பூட்டு.