காங்கிரஸ் வர்த்தகப் பட்டியலைப் பார்த்து பங்கு வாங்குகிறீர்களா? இதையும் படித்துவிடுங்கள்

அமெரிக்க காங்கிரஸ் (செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரு அவைகள் கொண்ட நாடாளுமன்றம்) உறுப்பினர்கள் எந்தப் பங்கை வாங்கினார்கள், எதை விற்றார்கள் என்று செயலிகளில் ஒரு பட்டியல் ஓடுகிறது. அதைப் பார்த்து இங்கிருந்தே பணம் போடுகிறவர்களும் உண்டு. அந்தப் பட்டியல் எங்கிருந்து வருகிறது, அதில் எது வராது என்று தெரியாமல் அதை நம்பக் கூடாது.

அதன் மூலம் 2012 ஏப்ரல் 4 அன்று ஒபாமா கையெழுத்திட்ட ஸ்டாக் சட்டம். பதவியால் தெரியவந்த, இன்னும் வெளியாகாத தகவலை வைத்து வர்த்தகம் செய்வதற்கு எதிரான விதிகள் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் அவர்களது ஊழியர்களுக்கும் பொருந்தும் என்று அது ஐயத்துக்கு இடமில்லாமல் சொன்னது. செனட்டில் 96-3, பிரதிநிதிகள் சபையில் 417-2 என நிறைவேறியது. தேர்தல் வருஷம் வேறு.

சட்டத்தின் பலம் தடையில் இல்லை, வெளிப்படுத்தும் விதிகளில்தான் இருந்தது. 1,000 டாலருக்கு மேல் பங்கோ பத்திரமோ வாங்கினாலும் விற்றாலும், தெரியவந்த 30 நாளுக்குள், எப்படிப் போனாலும் வர்த்தகம் நடந்த 45 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். வாழ்க்கைத் துணை, சார்ந்திருக்கும் பிள்ளைகள் பெயரில் நடப்பதும் சேர்த்தி. அறிக்கைகள் மின்னணு முறையில் தாக்கலாகி, தேட, வரிசைப்படுத்த, தரவிறக்க முடிகிற தரவுத்தளமாக இணையத்தில் வர வேண்டும் என்றது சட்டம். காங்கிரஸ் ஊழியர்கள், நிர்வாகத் துறையின் ஏறத்தாழ 28,000 உயர் அதிகாரிகள் ஆகியோரின் அறிக்கைகளும் இணையத்துக்கு வந்தாக வேண்டும் என்றது.

ஒரே வருஷம்தான். 2013 ஏப்ரல் 11 அன்று செனட்டிலும் மறுநாள் பிரதிநிதிகள் சபையிலும், விவாதமோ பெயர்வாரி வாக்கெடுப்போ இல்லாமல், எஸ். 716 என்ற மசோதா நிறைவேறியது. 15-ஆம் தேதி ஒபாமா கையெழுத்தும் போட்டுவிட்டார். குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், காங்கிரஸ் உறுப்பினர்கள், வேட்பாளர்கள், மிக உயர்ந்த இரண்டு நிலைப் பதவிகளில் இருப்பவர்கள் தவிர மற்றவர்களை இணைய வெளியீட்டிலிருந்து அது விடுவித்தது. காரணம் பாதுகாப்பு: வெளிநாட்டில் பணிபுரியும் அதிகாரிகளின் சொத்து விவரம் இணையத்தில் கிடந்தால் ஆபத்து என்று பொது நிர்வாகத்துக்கான தேசிய அகாடமியின் அறிக்கை ஒன்று எச்சரித்திருந்தது. அந்த அளவில் நியாயம்தான். ஆனால் அதே மசோதா, உறுப்பினர்களின் அறிக்கைகளுக்கும் கட்டாய மின்னணுத் தாக்கலையும் தேடல், வரிசை, தரவிறக்க வசதியையும் எடுத்துவிட்டது. இதற்கு எந்தத் தூதரக அதிகாரியின் பாதுகாப்பைக் காரணம் காட்ட முடியும்?

ஊழியர்களை விட்டது சின்ன விஷயமில்லை. மசோதாவின் வரிகளை எழுதுகிறவர்களும், எந்த ஷரத்து எப்போது மாறும் என்று முன்கூட்டியே அறிகிறவர்களும் அவர்கள்தான். அவர்களது அறிக்கை ரகசியமாகிவிடவில்லை. பெயர், தொழில், முகவரி எழுதி விண்ணப்பித்தால் கிடைக்கும். எத்தனை பேர் அதற்காக வாஷிங்டன் போவார்கள்? இத்தனைக்கும் அதே ஏப்ரல் 1 அன்று, மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கட்டண விகித முடிவு வெளியாவதற்கு முன்பே, சந்தை மூட 20 நிமிடம்கூட இல்லாத நேரத்தில் ஓர் ஆய்வு நிறுவனம் முடிவை ஊகித்து வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப, மருத்துவக் காப்பீட்டுப் பங்குகள் எகிறின. தகவல் எங்கிருந்து கசிந்தது என்று விசாரித்த பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையம் பிரதிநிதிகள் சபைக் குழு ஒன்றுக்கே ஆவணம் கேட்டு சம்மன் அனுப்பியது. சபை தர மறுத்து நீதிமன்றத்தில் வாதாடியது.

இனி அறிக்கையின் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். பிரதிநிதிகள் சபைப் படிவத்தில் முதலில் உரிமையாளர் குறியீடு இருக்கும்: எஸ்பி என்றால் வாழ்க்கைத் துணை, டிசி என்றால் சார்ந்த பிள்ளை, ஜேடி என்றால் கூட்டுக் கணக்கு. அடுத்து பங்கின் பெயர். பிறகு பி (வாங்கியது) அல்லது எஸ் (விற்றது). அதன் பின் இரண்டு தேதிகள், வர்த்தகம் நடந்தது ஒன்று, தாக்கல் செய்பவருக்குத் தெரியவந்தது இன்னொன்று. பலர் முதல் தேதியோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டையும் ஒப்பிட்டு, தாக்கலான தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெரியவந்ததிலிருந்து 30 நாளோ, வர்த்தகம் நடந்ததிலிருந்து 45 நாளோ தாண்டியிருந்தால் தாமதம்.

தாமதித்தால் அபராதம் 200 டாலர், அதுவும் கெடு முடிந்து இன்னும் 30 நாள் கழித்துத்தான். ஒரு நிறுவன இயக்குநர் தன் கம்பெனிப் பங்கை விற்றால் இரண்டு வேலை நாளில், எத்தனை பங்கு, என்ன விலை என்று சொல்லியாக வேண்டிய அதே நாட்டில்தான் இது.

தொகை வரியில் எண் இருக்காது, வரம்புதான் இருக்கும்: 1,001 முதல் 15,000, 15,001 முதல் 50,000, 50,001 முதல் 1,00,000 என்று ஏறிக்கொண்டே போகும். கீழ் வரம்புக்கும் மேல் வரம்புக்கும் முதல் படியில் 15 மடங்கு வித்தியாசம். செயலிகள் காட்டும் 'லாப சதவீதம்' பெரும்பாலும் நடுவில் ஒரு தொகையை ஊகித்துப் போட்ட கணக்கு. 2020 பிப்ரவரி 13 அன்று, கொரோனா சரிவுக்குச் சற்று முன், செனட்டர் ரிச்சர்ட் பர் 33 பரிவர்த்தனைகளில் விற்ற பங்கின் மதிப்பு 6.28 லட்சம் டாலர் முதல் 17.2 லட்சம் வரை என்று எழுதப்படுவதும் இதனால்தான். (2012-இல் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த மூவரில் அவரும் ஒருவர். நீதித் துறை குற்றச்சாட்டு எதுவும் வைக்காமல் 2021 ஜனவரியில் விசாரணையை முடித்துக்கொண்டது.)

பரவலாக விற்கப்படும் மியூச்சுவல் ஃபண்டு, தகுதிபெற்ற பிளைண்ட் டிரஸ்ட் (எதில் முதலீடு என்று உரிமையாளருக்கே தெரியாமல் வேறொருவர் நிர்வகிப்பது) ஆகியவற்றுக்குள் நடக்கும் வர்த்தகம் இந்த அறிக்கையில் வரவே வராது. கையால் நிரப்பித் தரும் படிவங்கள் ஸ்கேன் படமாகத்தான் ஏறுகின்றன. தொகைக் கட்டங்களில் போட்ட பெருக்கல் குறி இரண்டு கட்டங்களுக்கு நடுவே கிடந்தால் மென்பொருள் ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளும். செயலியில் ஒரு தொகை வினோதமாகப் பட்டால் பிரதிநிதிகள் சபை கிளார்க் அலுவலகத் தளத்திலோ செனட் தளத்திலோ பெயரைப் போட்டு மூலப் படத்தைத் திறந்து, அந்தக் குறி எந்தக் கட்டத்தில் விழுந்திருக்கிறது என்று கண்ணால் பார்ப்பது தவிர வேறு வழியில்லை.