எஸ்டேட்டுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை வண்டி வந்தால்: சட்டம் தரும் ரகசியமும் உரிமையும்

வால்பாறையிலோ கூடலூர், பந்தலூர் பக்கமோ ஒரு தேயிலை எஸ்டேட்டில் மருத்துவ முகாம் போட்டால், பிரஷர் பார்க்கவும் சர்க்கரை பார்க்கவும் தயங்காமல் வருகிறவர்கள்கூட எச்.ஐ.வி. என்றதும் பின்வாங்குவார்கள். விழிப்புணர்வு போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால் வேறு காரணம் கிடைக்கும். ஒரே சுவர், இரண்டு குடும்பம். யார் எந்த டாக்டரைப் பார்த்தார்கள் என்பது சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற இடத்துக்குள் பரவிவிடும். ஊர் வாய்க்குத்தான் பயம். சட்டம் இந்த இடத்தில் நம் பக்கம் நிற்கிறது. அது தெரிந்தால் பலர் தைரியமாகக் கை நீட்டுவார்கள் என்று நம்புகிறேன்.

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது என்கிறது அது. நீதிமன்ற உத்தரவு, ரத்த வங்கிப் பரிசோதனை போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. தலையாட்டினால் அது சம்மதம் ஆகிவிடாது. என்ன பரிசோதனை, அதனால் என்ன நன்மை, என்ன சிக்கல் என்பதை அந்த ஆளுக்குப் புரிகிற மொழியில், புரிகிற விதத்தில் சொன்ன பிறகு, மிரட்டலோ வற்புறுத்தலோ இல்லாமல் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். பணியர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடியினரிடம் வேகமான தமிழில் நாலு வரி படித்துக் காட்டிவிட்டுக் கைநாட்டு வாங்கினால் அது செல்லாது. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தோட்ட வேலைக்கு வந்திருப்பவர்களுக்கும் இதேதான். "இந்த டிவிஷன் ஆளுங்க எல்லாரும் போய் ரத்தம் குடுங்க" என்று சூப்பர்வைசர் வரிசையில் நிறுத்தினால் அதுவும் சம்மதம் ஆகாது. வேலையில் சேரவோ வைத்தியம் பார்க்கவோ எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைப்பதையும் சட்டம் தடுக்கிறது.

பழங்குடி ஊர்களில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நீலகிரியில் பணியர், இருளர், குறும்பர் நடுவே அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை ரத்த நோய் இருப்பதால் அதற்காக ரத்தம் எடுப்பது அங்கே பழகிய விஷயம். அந்த ரத்தத்திலேயே கையோடு எச்.ஐ.வி.யும் பார்த்துவிடலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. ஒன்றுக்குத் தந்த சம்மதம் மற்றதற்குப் பொருந்தாது. "எதுக்கு இந்த ரத்தம்?" என்று ஒரு பாட்டி கேட்டால், நின்று பதில் சொல்ல வேண்டியது முகாம் ஊழியரின் கடமை.

பரிசோதனை எளிதுதான். முகாமில் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் முடிவு தெரியும். இதில் தொற்று இருப்பதுபோலக் காட்டினாலும் அது இறுதி முடிவு கிடையாது. அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) வெவ்வேறு வகைக் கிட்டுகளால் மூன்று முறை பார்த்த பிறகே உறுதி செய்வார்கள். முன்னும் பின்னும் ஆலோசகர் தனியாக உட்கார்ந்து பேசுவார். எல்லாம் இலவசம். தொற்று ஏற்பட்ட புதிதில் சில வாரங்கள் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். சந்தேகம் இருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, முடிவு யாருக்குத் தெரியும்? எஸ்டேட்காரர்கள் மனதில் இருக்கும் முக்கியமான கேள்வி இதுதான். 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்து தரும் பொறுப்பை நிர்வாகத்தின் மேல் வைத்தது. அதனால் எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டரைக் கம்பெனி ஆளாகவே பார்க்கிற பழக்கம் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரியை நிர்வாகம் நடத்துகிறது என்பதற்காக உங்கள் ரத்தத்தின் முடிவு நிர்வாகத்துக்குச் சொந்தமாகிவிடாது. உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அந்த டாக்டர் மேனேஜரிடமோ கங்காணியிடமோ சொல்ல முடியாது. ஊர்த் தலைவரிடமும் சொல்லக் கூடாது. கணவன் மனைவி விஷயத்தில் ஒரு விலக்கு உண்டு. துணைக்குத் தொற்று வரும் ஆபத்து இருந்து, எவ்வளவு எடுத்துச் சொல்லியும் தொற்று உள்ளவர் தானாகச் சொல்ல மாட்டார் என்று தெரிந்தால், டாக்டரோ ஆலோசகரோ அவரிடம் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத் துணையிடம் நேரில் சொல்லலாம். அடி உதைக்கோ வீட்டைவிட்டுத் துரத்தப்படுவதற்கோ ஆளாகக்கூடிய பெண்களுக்குச் சட்டம் தனிப் பாதுகாப்பு தந்திருக்கிறது.

தொற்று இருந்தால் சிகிச்சை உடனே தொடங்கும். 2004 ஏப்ரலில் இந்திய அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை (ஏ.ஆர்.டி.) இலவசமாகத் தர ஆரம்பித்தது. 2017 முதல், உடம்பு எவ்வளவு பாதித்திருக்கிறது என்று காத்திருக்காமல் தொற்று உறுதியான எல்லோருக்கும் மருந்து உண்டு. பெரும்பாலானவர்களுக்கு மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. விடாமல் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. தொடக்கத்தில் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போக வேண்டியிருக்கும். மலையிலிருந்து இறங்கி ஏற ஒரு நாள் பேர் (வேலை வருகைக் கணக்கு) போய்விடும், அந்தக் கூலி நஷ்டம் சின்னதல்ல. உடல்நிலை சீரானதும் அதே மருந்தைத் தரும் பக்கத்து இணைப்பு மையத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பல மாத மாத்திரையை மொத்தமாக வாங்க முடியுமா என்றும் கேளுங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் மருந்தை நடுவில் விட்டுவிடக் கூடாது.

கர்ப்பிணிகள் முதல் பரிசோதனையின்போதே இதையும் பார்த்துக்கொள்வது நல்லது. சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தாயிடமிருந்து தொற்று போகலாம். சிகிச்சை எடுத்தால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடும்.

கொசு கடித்தாலோ, லைன் குழாயில் ஒன்றாகத் தண்ணீர் பிடித்தாலோ, ஒரே தூக்கில் சாப்பிட்டாலோ, பக்கத்தில் நின்று கொழுந்து பறித்தாலோ எச்.ஐ.வி. ஒட்டாது. அப்படி ஒட்டும் என்று சொல்லி ஒருவரை வேலையிலிருந்து ஒதுக்கினால் அது சட்டம் தடை செய்திருக்கும் பாகுபாடு. தொற்று உள்ளவர்கள் மேல் வெறுப்பைப் பரப்பினால் 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும்.

நூறு பேருக்குக் குறையாமல் இருக்கும் நிறுவனம் புகார் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். பெரிய எஸ்டேட்டுகளுக்கு இது பொருந்தும். அவரிடம் போகத் தயக்கமாக இருந்தால், மாநில அரசு இதற்கென நியமிக்கும் குறைதீர்ப்பாளருக்குப் புகார் அனுப்பலாம். அவர் 30 நாளுக்குள் உத்தரவிட வேண்டும்; அவசர மருத்துவம் என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள். உத்தரவை மதிக்காதவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், அதற்கு மேலும் தாமதித்தால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 வரை. எந்த ஆஸ்பத்திரியில் நம்பிக்கை மையம் இருக்கிறது, புகாரை எங்கே கொடுப்பது என்று தெரியவில்லையா? 1097-க்குக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை.