கிக்ஃபிளிப்: அரை நொடிக்குள் ஒரு முழுச்சுற்று

பினாங்கு இளைஞர் பூங்காவில் ஸ்கேட்போர்டு பழகும் நம் பிள்ளைகளின் காலணியைக் கவனித்தால், முன்காலில் சுண்டுவிரலை ஒட்டிய பகுதி மட்டும் தேய்ந்திருப்பதைக் காணலாம். பலகையின் மேல் ஒட்டப்பட்டுள்ள உப்புத்தாள் அரித்த தடம் அது. தாவும்போது பலகையை அதன் நீளவாக்கு அச்சில் காலடியிலேயே ஒரு முழுச்சுற்று சுழலவிடும் கிக்ஃபிளிப் எனும் வித்தையின் சூட்சுமமும் அந்த உரசலில்தான் இருக்கிறது.

இதற்கு அடிப்படை, கையால் பிடிக்காமல் பலகையோடு எழும்பும் ஆலி எனப்படும் தாவல். 1970களின் இறுதியில் ஃபுளோரிடாவில் ஆலன் கெல்ஃபாண்ட் வளைந்த தளத்தில் செய்ததை, 1980களின் தொடக்கத்தில் ரோட்னி மல்லன் சமதரைக்குக் கொண்டுவந்தார். கிக்ஃபிளிப்பை உருவாக்கியவரும் அவரே. பின்கால் பலகையின் பின்முனையான வாலை ஓங்கி மிதிக்கும்போது முன்முனையான மூக்கு மேலெழுகிறது; வால் தரையில் மோதித் தெறிக்க, பின்பகுதியும் எழுகிறது. (ஈரம் ஏறிய மேப்பிள் மரப் பலகையில் இந்தத் தெறிப்பு குறையும் என்பதால், மழை விட்டதும் பழகத் தொடங்காமல் இருப்பது நல்லது.) அந்த வேளையில் முன்கால் பலகையை உரசியபடி மேலேறி, குதிகால் பக்கத்து முன்விளிம்பைச் சுண்டிவிட்டு விலகுகிறது. அதனால் உண்டாகும் முறுக்குவிசையே பலகையைச் சுழற்றுகிறது.

கால் விலகிய பிறகு அந்தச் சுழற்சியை மாற்ற ஏறக்குறைய எதுவும் இல்லை. புவியீர்ப்பு நிறைமையத்தின் வழியே செயல்படுவதால், கால்கள் மீண்டும் பலகையைத் தொடும்வரை கோண உந்தம், அதாவது பலகை பெற்ற சுழற்சியின் அளவு, மாறாமல் நீடிக்கிறது. ஏறத்தாழ 80 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் கொண்ட பலகையில், மூக்கிலிருந்து வால்வரை செல்லும் அச்சைப் பொறுத்த நிலைமத் திருப்புத்திறனே (சுழற்றுவதை ஒரு பொருள் எதிர்க்கும் அளவு) மிகக் குறைவு. ஆகவே சிறிய சுண்டுதலே போதும்; சுழற்சியும் தடுமாறாது. வீட்டிலுள்ள பூப்பந்து மட்டையைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம். கைப்பிடியை அச்சாக்கி உருட்டி எறிந்தால் அது சீராகச் சுழலும். முகம் மேல்நோக்கி இருக்கப் பிடித்துக் குட்டிக்கரணம் அடிக்கும்படி எறிந்தால், கைக்குத் திரும்பும்போது பெரும்பாலும் முகம் மாறியிருக்கும். ஒரு பொருளின் மூன்று அச்சுகளில் இடைப்பட்ட திருப்புத்திறன் உள்ள அச்சைச் சுற்றிய சுழற்சி நிலையற்றது என்பதே காரணம்.

பலகை 30 செ.மீ. எழுந்தால், ஏறி இறங்க ஏறக்குறைய அரை நொடிதான் ஆகும். கண்ணால் கண்டு உடல் எதிர்வினை ஆற்றவே சுமார் 0.2 நொடி தேவைப்படுவதால், சுண்டுதலை நடுவில் திருத்த வழியில்லை. மூளை முழுக் கட்டளையையும் முன்கூட்டியே அனுப்பியாக வேண்டும். எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு, அடுத்த முயற்சிக்கான கட்டளையைச் சீர்செய்வதில் சிறுமூளைக்குப் பெரும்பங்கு உண்டு. பலகை முன்னே பறந்தோடினால், கால் குறுக்காகச் செல்லாமல் முன்னோக்கி உதைத்திருக்கிறது. பாதிச் சுற்றில் தரை தொட்டால், சுண்டுதலோ எழுச்சியோ போதவில்லை.

அச்சத்தால் ஒரு காலைத் தரையில் ஊன்றிவிடும் பழக்கமே எனக்கு மிகவும் கவலை தருவது. திரும்பத் திரும்பச் செய்தால் மூளை அந்த அரைகுறை இறக்கத்தையே பயின்றுகொள்ளும். தலைக்கவசம் அணிந்து, இரு கால்களையும் சக்கரத் தாங்கிகளின் திருகுகளுக்கு மேலே வைத்து, முழங்கால்களை மடக்கி இறங்கினால், மோதல் கூடுதல் நேரத்துக்குப் பரவி உடலுக்கு வரும் விசை குறையும். பலகையின் நடுவில் இறங்கினால் அது முறிந்துபோகவும் கூடும்.