ஆந்தாலஜி: தொகுப்பா, தொகையா, திரட்டா?

நான்கைந்து குறும்படங்களை ஒன்றாகக் கோத்து ஓடிடி தளங்களில் வெளியிடும் படத்துக்குரிய பெயராகவே 'ஆந்தாலஜி' என்னும் சொல்லை இன்று பலர் அறிந்திருக்கிறார்கள். உண்மையில் அது கவிதையிலிருந்து திரைக்குப் போன சொல். கிரேக்கத்தில் 'ஆந்தோஸ்' என்றால் பூ, 'லெகெய்ன்' என்றால் பொறுக்கிச் சேர்த்தல். இரண்டும் கூடிய 'ஆந்தொலோகியா' பூக்கொய்தல் என்று பொருள்படும். கதாரா நகரத்துக் கிரேக்கக் கவிஞர் மெலேயாகர் பல புலவர்களின் சிறுபாடல்களைச் சேர்த்து 'மாலை' என்று பெயரிட்டதோடு, முகப்புப் பாடலில் புலவர்களுக்கு ஆளுக்கொரு பூவையோ செடியையோ உரியதாக்கினார். பெண்கவிஞர் சாப்போவுக்குக் கிடைத்தது ரோஜா. அவருடைய பாடல்கள் கொஞ்சமே ஆனாலும் ரோஜா என்கிறார் மெலேயாகர்.

தமிழில் இதற்குத் 'தொகுப்பு' என்று எழுதுவதே வழக்கமாகிவிட்டது. அது பிழையன்று, தளர்வானது. ஒரே கவிஞரின் ஐம்பது கவிதைகளும் தொகுப்புதான், இரவுச் செய்தியின் சுருக்கமும் தொகுப்புதான். நேரான சொல் 'தொகை' என்பதே என் துணிபு. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம் (தனித்து நின்று பொருள் முடியும் பாடல்), குளகம் (பல பாடல்கள் ஒரே வினைகொண்டு முடிவது), தொகை, தொடர்நிலை என நான்காகப் பகுத்து, பொருள், இடம், காலம், தொழில், பாட்டு (பாவகை), அளவு ஆகியவற்றுள் ஒன்றால் ஒருங்கு சேர்க்கப்பட்டதைத் தொகைநிலை என்கிறது. புறநானூறு பொருளாலும், களவழி நாற்பது இடத்தாலும், கார் நாற்பது காலத்தாலும், கலித்தொகை பாட்டாலும், குறுந்தொகை அளவாலும் தொகையாயின. ஒருவரே பாடியதையும் தண்டி தொகையில் அடக்குகிறார். இன்று அதற்குத் 'தொகுதி' இருப்பதால், பலர் பாடியதற்கு மட்டும் தொகை என்று வரையறுத்துக்கொள்வதில் இழப்பில்லை.

தொகை என்பது வெறும் குவியலன்று என்பதற்கு அகநானூற்றின் வரிசையெண்களே சான்று. ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் யாவும் பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி. 4 முல்லை, 6 மருதம், 10 நெய்தல். எண்ணைச் சொன்னால் திணையைச் சொல்லிவிடலாம். அடியளவிலும் இதே கண்டிப்பு உண்டு: குறுந்தொகைக்கு 4 முதல் 8 அடி, நற்றிணைக்கு 9 முதல் 12, அகநானூற்றுக்கு 13 முதல் 31. குறுந்தொகையின் 307, 391ஆம் பாடல்கள் மட்டும் ஒன்பதடியாக நிற்பது உரையாசிரியர்களுக்கு இன்றும் வேலை கொடுக்கிறது. கிரேக்கர் பூவை எண்ணிய இடத்தில் நம்மவர் மணியை எண்ணினர் போலும். அகநானூற்றின் பிற்பகுதிகளுக்கு மணிமிடை பவளம், நித்திலக்கோவை என்று பெயர்.

'திரட்டு' வேறு. தனிப்பாடல்களைச் சேர்ப்பது தொகையென்றால், முன்பே நூலாக நிலவுபவற்றிலிருந்து பொறுக்கி எடுப்பது திரட்டு. வையாபுரிப்பிள்ளை 1938இல் பதிப்பித்த புறத்திரட்டு அவ்வகையது. முத்தொள்ளாயிரத்தில் நமக்கு எஞ்சியிருக்கும் வெண்பாக்களில் பெரும்பாலானவை அதன் வழியாகவே தப்பின.

'தொகை' என்றதும் பணம் நினைவுக்கு வருகிறது என்பது பதிப்பாளர்கள் சொல்லும் தடை. 'கவிதைத் தொகை', 'தொகைநூல்' என்று அடைகொடுத்து எழுதினால் அந்த மயக்கம் எழாது. தொகுப்பாசிரியர், வெளியீட்டுப் புரவலர் என்னும் இருவருக்கும்கூடப் பழஞ்சொற்கள் உள்ளன: ஐங்குறுநூற்றைத் தொகுத்தார் கூடலூர் கிழார், தொகுப்பித்தார் மாந்தரஞ்சேரல் இரும்பொறை.