புத்தகத்தை யார் எடுக்கிறார்கள் என்று கைக்குத் தெரியும்

கனமான புத்தகம் ஒன்றை இடது உள்ளங்கையில் வைத்து, முழங்கையை மடக்கி முன்கையை நீட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரை அதைச் சட்டென்று எடுக்கச் சொல்லுங்கள். கை மேலே துள்ளும். இப்போது அதே புத்தகத்தை உங்கள் வலது கையாலேயே எடுங்கள். இடது கை இருந்த இடத்திலேயே இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு கிலோ துவரம்பருப்பு பாக்கெட்டை வைத்துச் செய்து பார்த்தோம். கண்ணை மூடிக்கொண்டாலும் இதேதான்.

காரணம் எளிது. வலது கை பாரத்தைத் தூக்கும்போதே, ‘எடை போகப்போகிறது, தளர்ந்துகொள்’ என்று இடது கைத் தசைக்கு மூளை சொல்லிவிடுகிறது. அடுத்தவர் எடுத்தால் அந்த முன்தகவல் கிடையாது. பாரம் போன பிறகுதான் கை விழித்துக்கொள்கிறது. ஆட்டிசம் (பிறரோடு பழகுவதிலும் பேசுவதிலும் வேறுபாடு காட்டும் வளர்ச்சி நிலை) உள்ள பல குழந்தைகள் நேராக நிற்கவே ஏன் சிரமப்படுகிறார்கள் என்பதற்கு இந்தச் சின்னச் சோதனை ஒரு துப்பு தருகிறது.

பிரான்சைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதே சோதனையை ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் செய்து 2003-இல் வெளியிட்டார்கள். அந்தக் குழந்தைகளின் கையும் கிட்டத்தட்ட மற்றவர்களுடையதைப் போலவே ஆடாமல் நின்றது. ஆனால் தசை தளர்வது தாமதமாக நடந்தது, பாரத்தை எடுக்கவும் கூடுதல் நேரம் பிடித்தது. அதாவது, முன்கூட்டிக் கணிப்பதைவிட, நடந்த பிறகு சரிசெய்துகொள்வதையே அவர்கள் அதிகம் நம்பினார்கள். அப்படிச் சரிசெய்ய அவகாசம் வேண்டும், அதற்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், இது சாமர்த்தியம்தான்.

இன்னொரு பழைய குறிப்பையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். 1943-இல் பால்டிமோரில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையைத்தான் ஆட்டிசம் பற்றிய ஆய்வுக்கே தொடக்கம் என்று பொதுவாகச் சொல்வார்கள். தூக்க வரும்போது குழந்தை அதற்குத் தயாராக உடம்பைச் சரிசெய்துகொள்ளவே இல்லை என்று அநேகமாக எல்லாத் தாய்மார்களும் அவரிடம் வியப்போடு சொல்லியிருக்கிறார்கள். பாசத்தோடு தொடர்புள்ள விஷயமாக அது பார்க்கப்பட்டது. புத்தகச் சோதனைக்குப் பிறகு படித்தால் வேறு மாதிரி தெரிகிறது: முன்கூட்டிக் கணிப்பதில் உள்ள சிரமமாக.

சரி, சும்மா நிற்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? துடைப்பத்தை விரல் நுனியில் நிறுத்திப் பாருங்கள், விரல் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். நாம் நிற்பதும் அப்படித்தான். கணுக்காலுக்கு மேல் உடம்பு இடைவிடாமல் முன்னும் பின்னும் சிறிதாக ஆடுகிறது, தசைகள் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. அதற்கான தகவல் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று கண். இன்னொன்று உள்காது: திரவம் நிறைந்த மூன்று வளைகுழாய்கள் தலை திரும்புவதைச் சொல்லும், கால்சியம் கார்பனேட் துகள்கள் கொண்ட இரண்டு சிறு பைகள் தலை சாய்வதைச் சொல்லும். மூன்றாவது, தசை, மூட்டு, உள்ளங்கால். இவற்றைக் கோத்து, அடுத்த நொடியைக் கணிப்பதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு. ஆட்டிசம் இருந்தவர்களின் மூளையை இறப்புக்குப் பின் ஆராய்ந்தபோது, சிறுமூளையில் பர்கின்ஜி செல்கள் என்ற பெரிய நரம்பு செல்கள் குறைவாக இருந்தது பலரிடம் தெரிந்தது.

2004-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, அறிவுத்திறன் குறைபாடு இல்லாத, ஆனால் ஆட்டிசம் உள்ள 79 பேரையும், ஆட்டிசம் இல்லாத 61 பேரையும், உடல் ஆட்டத்தை அளக்கும் தட்டில் நிற்க வைத்தது. வயது 5 முதல் 52 வரை. ஆட்டிசம் இல்லாதவர்களிடம் 5 வயதிலிருந்தே நிலைத்தன்மை கூடிக்கொண்டே போய், 15-லிருந்து 20 வயதுக்குள் பெரியவர்களின் அளவைத் தொட்டது. ஆட்டிசம் உள்ளவர்களிடம் முன்னேற்றம் தொடங்கியதே 12 வயதில்தான். பெரியவர்களின் அளவை அது எட்டவும் இல்லை.

அந்த 12 வயதை நினைத்துக்கொண்டு ஒரு வகுப்பறையைப் பாருங்கள். ஆட்டிசம் உள்ள பையன் சுவரில் சாய்கிறான், மேசையில் தலை வைக்கிறான், பிரேயரில் நெளிகிறான். ‘நேரா நில்லுடா’ என்கிறோம். பலருக்குத் தசை இறுக்கமும் (சும்மா இருக்கும்போதும் தசையில் இருக்கிற விறைப்பு) குறைவு: ஆட்டிசம் உள்ள 154 குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் சுமார் பாதிப் பேருக்கு அப்படி இருந்தது. நமக்குத் தானாக நடக்கிற வேலைக்கு அவன் கவனத்தைச் செலவழிக்கிறான் என்றால், கரும்பலகைக்கு மிஞ்சுவது எவ்வளவு? (எல்லாருக்கும் இப்படி இருக்காது. தடுமாறுகிற குழந்தைக்கெல்லாம் ஆட்டிசம் என்றும் ஆகாது.)

கண் விஷயத்தில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசுவதில்லை. கண்ணை மூடினால் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் அதிகம் ஆடுகிறார்கள், அதாவது கண்ணையே நம்பி நிற்கிறார்கள் என்றது ஒன்று. சுற்றிலும் காட்சி நகர்ந்தாலும் இவர்கள் மற்ற குழந்தைகள் அளவுக்கு ஆடுவதில்லை என்றது வேறொன்று. பார்க்க முரண்தான். ஆனால் ஆட்டிசம் ஒரே அச்சில் வார்த்ததல்ல, சோதித்த குழந்தைகளின் எண்ணிக்கையும் சிறியது.

பயிற்சியால் மாறுமா? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆட்டிசம் உள்ள, 7 முதல் 17 வயது வரையுள்ள 29 பேருக்கு, யோகா, தாய்ச்சி (சீனாவின் நிதானமான உடற்பயிற்சி) நிலைகளை வைத்து ஒரு வீடியோ கேம் செய்து கொடுத்தார்கள். உடம்பு எங்கே சாய்கிறது என்பதைத் திரை உடனுக்குடன் காட்டும். ஆறு வாரத்தில் அந்த நிலைகளில் கூடுதல் நேரம் நிற்க முடிந்தது.

அவ்வளவு தூரம் போகாமலும் ஒன்று செய்யலாம். வகுப்பில் பெஞ்ச் உயரமாக இருந்து கால் அந்தரத்தில் தொங்கினால், உள்ளங்கால் அனுப்ப வேண்டிய தகவல் குறைந்துபோகிறது, இடுப்பும் முதுகும் அந்தச் சுமையையும் சேர்த்துத் தாங்குகின்றன. காலுக்கு அடியில் ஒரு மரப்பலகையைப் போட்டுவிட்டு, பத்து நிமிஷம் கழித்து முதுகைப் பாருங்கள்.